மாட்டைப் பார்க்க வேண்டாம், பாலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்பாக்கம், கூடங்குளம் வட்டாரக் கால்நடைகள் பற்றிப் பேச்சு வந்தால், மாடு மெலிந்ததா, கன்று ஊனமாகப் பிறந்ததா என்றே பலரும் கேட்கிறார்கள். அணு உலையின் கதிரியக்கக் கசிவை அப்படிக் கண்டறிய முடியாது. குடற்புழுவும் தாது உப்புக் குறைவும்கூட அதையே செய்யும். 1957-ல் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் அணு உலைத் தீ விபத்துக்குப் பின் சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பின் பாலை நிறுத்தியது பாலை அளந்து பார்த்துத்தான்.

கசிந்து புல்லில் படியும் கதிரியக்க அயோடின்-131 சில நாட்களிலேயே பாலில் உச்சம் தொடும். அதன் அரை ஆயுள் (பாதியாகச் சிதையும் காலம்) 8 நாள். மாதம் ஒருமுறை மாதிரி எடுத்தால் இடையில் வந்துபோனது பெரும்பாலும் சிதைந்திருக்கும். இன்னொரு கதிரியக்கப் பொருளான சீசியம்-137-க்கு அரை ஆயுள் 30 ஆண்டு, அதற்கு அவசரமில்லை.

பால் கூட்டுறவுச் சங்கத்தின் கலப்புப் பால் உதவாது. வெளியூர் வைக்கோலும் புண்ணாக்கும் தின்னும் கட்டுத்தறி மாடும் உதவாது. உள்ளூரில் மேயும் ஆட்டின் பால்தான் நல்ல சாட்சி. ஒரே மேய்ச்சலில் பசும்பாலைவிட அதில் அயோடின் அதிகம் சேரும். ஒரு லிட்டர் எடுத்து, திரியாமலிருக்கச் சில துளி ஃபார்மலின் விட்டு, கறந்த தேதியையும் நேரத்தையும் எழுத வேண்டும். நேரம் இல்லாவிட்டால் சிதைவுக் கணக்கே தப்பும். பால் திரிந்தால் கட்டி அடியில் தங்கி அளவீடு பிசகும்.

கதிர்வீச்சை அளக்கும் கைக்கருவியைக் கேனருகே காட்டுவது வீண். பசும்பாலில் லிட்டருக்குச் சுமார் 40–50 பெக்கெரல் (கதிரியக்க அலகு) அளவுக்குக் கதிரியக்கப் பொட்டாசியம்-40 இயற்கையாகவே உண்டு. அதைப் பிரித்தறிய கதிர்களை ஆற்றல்வாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெர்மேனியம் காமா நிறமாலைமானி வேண்டும்.

முடிவுகளை ஊர்வாரியாக ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டலாம். 'கண்டறியும் அளவுக்குக் கீழே' என்று எழுதினால், அந்த அளவு எத்தனை பெக்கெரல் என்பதையும் சேர்த்து எழுதட்டும்.