முதலிடம் கிப்சனுக்கு

ஆசிரியருக்கு,

அமெரிக்க பேஸ்பாலின் அதிரடி மட்டையாளர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். 1920-இல் பேப் ரூத் தனியாளாக 54 ஹோம் ரன் (ஒரே அடியில் நான்கு பேஸையும், அதாவது ஓடித் தொடும் முனைகளையும், சுற்றி வருவது) அடித்தார். அவர் ஆடிய அமெரிக்கன் லீகின் எதிரணி எதுவும் அணியாகச் சேர்ந்தும் அத்தனை அடிக்கவில்லை என்ற தகவல் அருமை. ஆனால் அடியின் வலிமையைக் காட்டும் ஸ்லக்கிங் சராசரியின் வாழ்நாள் பட்டியலில் .690 என்று ரூத்தை முதலிடத்தில் போட்டிருப்பது பழைய கணக்கு. 2024 மே மாதம் முதல் அந்த இடம் ஜோஷ் கிப்சனுடையது: .718.

கறுப்பின வீரர்களை மேஜர் லீக் (அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டி) ஒதுக்கி வைத்திருந்த காலத்தில், அவர்களுக்கென இருந்த நீக்ரோ லீகில் ஆடியவர் கிப்சன். அந்த ஆட்டங்களின் ஸ்கோர் விவரங்களை ஆய்வாளர்கள் பழைய செய்தித்தாள்களில் தேடித் தேடிச் சேர்த்தார்கள். 1920 முதல் 1948 வரையிலான அந்தக் கணக்குகள் இப்போது மேஜர் லீக் ஏட்டிலேயே இருக்கின்றன.

ஓர் அடியில் எட்டிய பேஸ்களைக் கணக்கிட்டு, சிங்கிளுக்கு 1, டபுளுக்கு 2, ட்ரிபிளுக்கு 3, ஹோம் ரன்னுக்கு 4 என்று கூட்டி, மட்டை பிடித்த வாய்ப்புகளால் வகுத்தால் ஸ்லக்கிங் சராசரி. 1937 சீசனில் மட்டும் கிப்சனுக்கு அது .974. சிங்கிளும் ஹோம் ரன்னும் அவுட்டும் எல்லாம் சேர்த்து, வாய்ப்புக்கு ஏறத்தாழ ஒரு பேஸ்! அதற்கு முன் ஒரு சீசன் சாதனையாக ஏட்டில் இருந்த, 2001-இல் பாரி பாண்ட்ஸ் எடுத்ததே .863 தான்.

கிப்சன் ஆடிய ஆட்டங்கள் குறைவு என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், ரூத்துக்குக் கிடைத்த வாய்ப்புகளில் ஏறக்குறைய கால்வாசிதான் அவர் கணக்கில் இருக்கிறது. அது யார் குற்றம்? நீக்ரோ லீக் அணிகளுக்கு ஒரு சீசனில் லீக் ஆட்டங்களே கொஞ்சம்தான். ஊர் ஊராகப் போய்க் காட்சி ஆட்டம் ஆடித்தான் பிழைப்பு நடந்தது. அங்கே அடித்தது எதுவும் ஏட்டில் ஏறாது. பேஸ்பாலின் புகழரங்கமான ஹால் ஆஃப் ஃபேமில் உள்ள அவரது தகடு கிட்டத்தட்ட 800 ஹோம் ரன் என்கிறது. அதிகாரப்பூர்வ எண்ணிக்கையோ 200-ஐக்கூடத் தொடவில்லை. அப்புறம், ரூத்தின் எண்களும் கறுப்பினப் பந்துவீச்சாளர் ஒருவரைக்கூட லீகில் சந்திக்காமல் சேர்ந்தவைதானே? அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை.

1947 ஜனவரியில், 35 வயதில் கிப்சன் இறந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன், நவீன கால மேஜர் லீகின் முதல் கறுப்பின வீரராகக் களமிறங்கினார். மூன்றே மாதம். இதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

அடுத்த இதழில் அந்தப் பட்டியலைத் திருத்தி வெளியிடுங்கள். பேட்டிங் சராசரியில் (வாய்ப்புக்கு எத்தனை ஹிட் என்ற கணக்கு) இப்போது 3-வது இடத்தில் இருக்கும் நீக்ரோ லீக் வீரர் ஆஸ்கர் சார்ல்ஸ்டனைப் பற்றியும் ஒரு கட்டுரை போட்டால் மகிழ்ச்சி.

வாசகர், மதுரை