ஓ.டி. என்றால் ஒரு முறையா, வலது கண்ணா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருந்துச் சீட்டிலும் பரிசோதனை முடிவுகளிலும் வரும் சுருக்கெழுத்துகளைத் தொகுத்துச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தீர்கள். வெட்டியெடுத்து மருந்துப் பெட்டியின் மூடியில் ஒட்டிக்கொள்ளத் தக்க பட்டியல், நானும் ஒட்டியிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஒரே ஒரு விரிவைக் கொடுத்து நிறுத்திக்கொண்டதில் ஆபத்து இருக்கிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

‘ஓ.டி.’ என்பதற்கு ‘நாளைக்கு ஒரு முறை’ என்று போட்டிருக்கிறீர்கள். என் தாயார் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது கொடுத்த சீட்டில், சொட்டு மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் ‘ஓ.டி.’ என்றும், அதே வரியில் சற்றுத் தள்ளி ‘க்யூ.ஐ.டி.’ என்றும் எழுதியிருந்தது. பின்னது நாளைக்கு நான்கு முறை என்பது எனக்குத் தெரியும். ஒரே மருந்தை ஒரு முறையும் நான்கு முறையும் எப்படி விடுவது என்று சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எழுதியவர்தான் கை தவறிவிட்டார் என்று நானே தீர்மானித்து, அன்று முழுவதும் ஒரே ஒரு முறைதான் விட்டேன். மறுநாள் மருந்துக்கடைக்காரர் விளக்கினார். கண் மருத்துவத்தில் ஓ.டி. என்பது வலது கண்ணைக் குறிக்கும் லத்தீன் சொற்களின் சுருக்கம், ஓ.எஸ். இடது கண், ஓ.யூ. இரு கண்களும். அதே சீட்டில் இரண்டு வரி கீழே மாத்திரைக்கு நேரே இருந்த ஓ.டி. மட்டும் நாளைக்கு ஒரு முறையாம்! நான் அன்று நாடியதும் உங்கள் பட்டியலைப் போன்ற ஒன்றைத்தான் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

‘எஸ்.ஓ.எஸ்.’ என்பதும் இப்படித்தான். கப்பல் மூழ்கும்போது அனுப்பும் அபாயக் குறி என்றே நம்மில் பலர் அதை அறிவோம். அதனால் சீட்டில் கண்டதும் உடனே விழுங்கியாக வேண்டிய மாத்திரை என்று பதறுகிறவர்கள் உண்டு. மருத்துவர் எழுதியதோ ‘தேவைப்பட்டால் மட்டும்’ என்ற பொருளில். வலியோ காய்ச்சலோ இல்லையென்றால் அதைத் தொடவே வேண்டியதில்லை.

மருத்துவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் குறிப்புகளில் சுருக்கம் இருப்பதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அவர்களுக்குள்ளேயே சில சுருக்கங்கள் தடுமாற்றம் தருகின்றன என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன், பயன்படுத்தக் கூடாத சுருக்கங்களின் பட்டியலை 2004-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. இன்சுலின் அளவில் ‘யூனிட்’ என்பதற்கு வெறும் ‘யூ’ எழுதுவது அதில் ஒன்று. 10 என்ற எண்ணை ஒட்டி எழுதிய அந்த ஆங்கில எழுத்தின் வாய் சற்று மூடிக்கொண்டால் போதும், 100 ஆகிவிடும். ‘1.0 மி.கி.’ என்று எழுதுவதும் அதே காரணத்தால் தவிர்க்கப்பட்டது; புள்ளி மங்கினால் பத்து மடங்கு மருந்து உள்ளே போகும். ‘எம்.எஸ்.’ மார்ஃபின் சல்ஃபேட்டாகவும் இருக்கலாம், மெக்னீசியம் சல்ஃபேட்டாகவும் இருக்கலாம்.

பரிசோதனை முடிவுகளில் சிக்கல் வேறு வகையானது. அங்கே விரிவு தெரிந்தும் பொருள் பிடிபடுவதில்லை. டி.எஸ்.ஹெச். என்பதைத் ‘தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்’ என்று சரியாகவே விரித்திருக்கிறீர்கள். அது கூடியிருப்பதைப் பார்த்ததும் ‘தைராய்டு கூடிவிட்டது’ என்று சொல்லாத வீடு குறைவு. உண்மை பெரும்பாலும் நேர்மாறானது. தைராய்டு சுரப்பி மந்தமாக வேலை செய்யும்போது, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அதை விரட்டி வேலை வாங்குவதற்காக இந்த ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. எண் ஏறியிருந்தால் சுரப்பி தளர்ந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். இது புரியாமல், கூடிவிட்டதே என்று, சுரப்பியின் குறையை ஈடுகட்டும் தைராக்சின் மாத்திரையைத் தாமே பாதியாகக் குறைத்துக்கொண்ட ஒருவரை நான் அறிவேன்.

முடிவுத்தாளில் தடித்த எழுத்தில் வரும் எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘இயல்பு அளவு’ என்று பக்கத்தில் அச்சிடுவது பெரும்பாலும் நலமாக உள்ளவர்களில் 95 விழுக்காட்டினரின் அளவுகள் அடங்கும் எல்லையே. ஆகவே, எந்த நோயும் இல்லாதவர்களிலும் இருபதில் ஒருவருக்கு அந்த எண் வெளியே நிற்கும். ஒன்றையொன்று சாராத இருபது பரிசோதனைகளை ஒரே நாளில் செய்துகொண்டால், முழு நலத்தோடு இருப்பவருக்கும் ஏதேனும் ஒன்று தடித்த எழுத்தில் வர 64 விழுக்காடு வாய்ப்புண்டு. முழு உடல் பரிசோதனைக்குப் பிறகு தூக்கத்தைத் தொலைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். (எண் வெகுவாக விலகியிருந்தால் கதை வேறு.)

சிகிச்சைகளின் பெயர்களில் நாமே செய்யும் சுருக்கமும் உண்டு. ‘அவருக்கு ஆஞ்சியோ செய்தாகிவிட்டது’ என்கிறோம். ஆஞ்சியோகிராம் என்றால் இதயத்தின் ரத்தக் குழாய்களில் சாயம் செலுத்திப் படமெடுத்துப் பார்ப்பது. ஆஞ்சியோபிளாஸ்டி என்றால் அடைப்பை பலூனால் விரித்து, பெரும்பாலும் குழாய் மறுபடி சுருங்காமல் தாங்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழலும் வைப்பது. பின்னதைச் செய்துகொண்டவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அதைத் திடீரென நிறுத்தினால் ஸ்டென்ட்டிலேயே ரத்தம் உறைந்துவிடக்கூடும். பல் பிடுங்கப் போன இடத்தில் ‘ஆஞ்சியோ’ என்று மட்டும் சொன்னால், கேட்பவர் எதை எடுத்துக்கொள்வார்?

எனவே ஒரு வேண்டுகோள். அந்தப் பட்டியலை மறுபடியும் வெளியிடுவதாக இருந்தால், அகரவரிசையை விட்டுவிட்டு மருந்துச் சீட்டு, கண் மருத்துவம், ஆய்வக முடிவு, மருத்துவமனைக் குறிப்பு என்று அவை எழுதப்படும் இடத்தை வைத்துப் பிரித்துக் கொடுங்கள்; ஒரே சுருக்கம் இரண்டு இடங்களில் வந்தால் இரண்டிலும் இருக்கட்டும். அதுவரை என் மருந்துப் பெட்டி மூடியில் ‘ஓ.டி.’க்கு நேரே பேனாவால் ‘கண் சொட்டு என்றால் வலது கண்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் இதழின் நெடுநாள் வாசகன்