தேருக்குக் கண்ணாடியோடு போனேன்

யாழ்ப்பாணம்

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. கொன்டாக்ட் லென்ஸை மறுபடி போடத் தொடங்கிவிட்டேனா என்று கேட்டிருந்தீர். இன்னும் இல்லை, சரிந்த இமைக்குச் சத்திரசிகிச்சை செய்து நாளையோடு ஐந்து கிழமை, வைத்தியர் சொன்னது ஆறு. மேலிமைத் தோலை மட்டும் வெட்டியெடுத்தவர்களுக்கு இரண்டு கிழமையிலேயே அனுமதி கிடைப்பதுண்டு. உமது அக்காவுக்கு நடந்தது அதுதான். அவரது கணக்கை வைத்து என்னை அவசரப்படுத்த வேண்டாம்.

இமை சரிந்ததற்கு வயதுதான் காரணம் என்று நினைத்திருந்தேன். முப்பது வருடமாகப் போட்டுவந்த வன்வில்லைகளும், அதாவது கடினவகைக் கொன்டாக்ட் லென்ஸும், காரணமாகலாம் என்றார் வைத்தியர். கழற்றுவதற்காக ஒவ்வோர் இரவும் கடைக்கண்ணை விரலால் இழுக்கிறோம் அல்லவா, அந்த இழுவையில் இமையை உயர்த்தும் தசையின் நாண் நாளடைவில் தளர்ந்து, பிடித்திருந்த இடத்தை விட்டு விலகிவிடுமாம். அதை முன்னிழுத்துத் தைப்பதுதான் சத்திரசிகிச்சை. விறைப்பூசி மட்டும் போட்டு, இடையில் என்னை எழுப்பி இருத்திக் கண்ணைத் திறக்கச் சொல்லி, இரண்டு இமையும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று பார்த்த பிறகே முடிச்சிட்டார்கள்.

சத்திரசிகிச்சை நடந்தது நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மஞ்சத் திருவிழாவன்று. ஒரு கிழமையில் தையல் பிரித்தார்கள். அதிலிருந்து பதினான்காம் நாள் தேர். மைனஸ் ஒன்பது கண்ணாடி வேர்வையில் மூக்கால் வழுகும் என்பது உமக்குத் தெரியும். ஒருநாள் போட்டால் என்ன என்று விடிய நாலு மணிக்குப் பெட்டியைத் திறந்து, வில்லையை விரல்நுனியில் ஏந்தி, மேலிமையைத் தூக்கினேன். உள்ளே ஏதோ நூல் இழுபட்டது போலச் சுள்ளென்றது. அப்படியே பெட்டிக்குள் வைத்துவிட்டேன். தேரைக் கண்ணாடியோடுதான் பார்த்தேன், நனைந்த சால்வைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து.

இமை இன்னும் முழுதாக மூடுவதில்லை. நித்திரையில் ஒரு கீற்று வெள்ளை தெரிகிறதென்று மனைவி சொல்கிறாள். அதனால் கண் காய்கிறது, போதாக்குறைக்குத் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றின் புழுதி வேறு. காய்ந்த கண்ணில் வில்லை வைத்தால் கருவிழி உரசுப்படும், உரசுப்பட்ட இடத்தில் கிருமி இலகுவாகப் புகும். இரவில் பூசும் களிம்பும் வில்லையில் பனிப்புகார் போலப் படியும். (நீர் ஊருக்கு வந்தபோது வில்லையைக் கிணற்றுத் தண்ணீரில் அலசியது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது, தயவுசெய்து இனி அதைச் செய்யாதேயும்.)

இமையின் அழுத்தம் மாறியதால் கருவிழியின் வளைவும் சற்று மாறியிருக்கலாமாம். ஆகவே பழைய வில்லைகளை எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது, புதிதாக அளக்க வேண்டும். கழற்றுவதற்குச் சிறிய இறப்பர் உறிஞ்சி ஒன்றும் வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். அதை வில்லையில் ஒட்டி எடுத்தால் இமையை இழுக்கத் தேவையில்லை. உமக்கும் ஒன்று வாங்கும். சென்ற முறை நீர் அனுப்பிய படத்தில் உமது இடது இமை சற்றுத் தாழ்ந்திருப்பது போல எனக்குத் தோன்றியது.

இப்படிக்கு,
உமது நண்பன்