சினைப்பையின் அரிய புற்றுநோய்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சினைப்பைப் புற்றுநோய் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மட்டுமே வரும் என்ற எண்ணம் எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் வேரூன்றியிருப்பதால், என் அக்காள் மகளுக்கு 17 வயதில் வயிறு வீங்கியபோது, ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே ஊர் வேறு கதை பேசிவிட்டது. கூச்சத்திலேயே 2 மாதங்கள் வீணாயின. அவளுக்கு இருந்தது, சினைமுட்டையாக வளரவேண்டிய உயிரணுக்களில் தோன்றும் ஜெர்ம் செல் கட்டி. பெரும்பாலும் இளம்பெண்களைத் தாக்கும் இவ்வகையில், பிளியோமைசின், எட்டோபோசைடு, சிஸ்பிளாட்டின் ஆகிய மருந்துகளால் மிகப் பெரும்பாலோர் குணமடைகின்றனர். பாதிக்கப்பட்ட சினைப்பையை மட்டும் அகற்றி, பிள்ளைப்பேற்றுக்கான வாய்ப்பைக் காப்பதும் பல நேரங்களில் இயல்கிறது. இவ்வகைக் கட்டியைக் கண்டறிய, சினைப்பைப் புற்றுநோய்க்கு வழக்கமாகப் பார்க்கப்படும் சிஏ-125 என்ற இரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. இக்கட்டிகள் இருந்தால் இரத்தத்தில் கூடக்கூடிய ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் ஆகிய பொருட்களின் அளவையும் பார்க்க வேண்டும்.

சினைமுட்டையைச் சூழ்ந்திருக்கும் உயிரணுக்களில் தோன்றும் கிரானுலோசா செல் கட்டி இன்னொரு அரிய வகை. பெரியவர்களுக்கு வரும் அக்கட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஃபாக்ஸ்எல்2 என்ற மரபணுவில் ஒரே மாதிரியான மாற்றம் இருப்பது 2009-இல் கண்டறியப்பட்டது. பல ஆண்டுகள் கழித்தும் இக்கட்டி திரும்பக்கூடும் என்பதால், திசு அறிக்கையைப் பத்திரப்படுத்தித் தொடர் பரிசோதனைக்குச் செல்வது அவசியம்.

நடவு முடியட்டும் என்று மகளின் வயிற்று வீக்கத்தைத் தள்ளிப்போடும் தாய்மார்களுக்குத் தங்கள் நாளிதழ் இவற்றை விரிவாக எடுத்துச்சொல்ல வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகி,
மன்னார்குடி.