கொதிக்கவில்லை, குமிழிதான் விடுகிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழின் செக் நாட்டுப் பயணக் கட்டுரை நன்றாகவே இருந்தது, ஆனால் சோஸ் சதுப்பு நிலத்தைப் பற்றி எழுதிய அந்த ஒரு பத்தியில் ‘கொதிக்கும் எரிமலைச் சேறு’ என்றும், பலகைப் பாதையை விட்டு இறங்கினால் படம் அருமையாக வரும் என்றும் போட்டிருக்கிறீர்கள். இரண்டுமே தப்பு, இரண்டாவது ஆபத்தும்கூட.

அங்கே நடந்து பார்த்தவன் நான். சேறு கஞ்சி கொதிக்கிற மாதிரி பொளக் பொளக்கென்று குமிழி விடும், உண்மைதான், ஆனால் அது சூடே இல்லை. பூமியின் ஆழத்திலிருந்து வரும் கரியமில வாயு சேற்றையும் ஊற்று நீரையும் தள்ளிக்கொண்டு மேலே வருகிறது, அவ்வளவுதான். மழைக்குப் பின் போனால் குமிழிகளை நன்றாகப் பார்க்கலாம். வறண்ட நாளில் வெறும் குழிதான் இருக்கும், காது கொடுத்தால் சீறல் மட்டும் கேட்கும். கரியமில வாயு காற்றைவிடக் கனம், அதனால் பள்ளத்தில் தேங்கும், கண்ணுக்கும் தெரியாது. குழிக்குள் இறங்கும் சின்னப் பிராணிகள் மூச்சு முட்டிச் சாவதுண்டு. சுடாது என்று தெரிந்ததும் தைரியமாகக் குனிந்து பார்க்கத் தோன்றும் பாருங்கள், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் அந்த ‘படம் எடுக்கும்’ வெள்ளை நிலம். அது ஒரு காலத்தில் உப்பு ஏரியாக இருந்த இடம். டயட்டம் என்கிற நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகள் அடியில் படிந்து படிந்து, ஏரி வற்றியதும் வெளுத்துப்போய் மேலே தெரிகின்றன. கடலே இல்லாத நாட்டில், கடற்கரை உவர் நிலத்துச் செடிகள் இங்கே வளர்வதும் மண்ணில் உள்ள உப்பால்தான். 1964-லிருந்து சட்டப் பாதுகாப்பில் இருக்கும் இடம், கால் வைத்தால் நொறுங்கும் தரை, அதற்காகத்தான் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்துக்குப் பாதை போட்டு நம்மை நடக்க விடுகிறார்கள். அதிலிருந்தே எல்லாம் தெரிகிறது, இறங்க வேண்டிய தேவையே இல்லை.

பக்கத்திலேயே ஃபிரான்டிஷ்கோவி லாஸ்னே. 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஐரோப்பிய ஊற்றுநீர் நகரங்களில் ஒன்று. அங்கே ஊற்று நீரைக் குவளையில் பிடித்துக் குடிக்கிறார்கள், சரி, நீங்களும் குடித்துப் பாருங்கள், கொஞ்சமாக. அந்த வட்டாரத்து நீரில் கிளாபர் உப்பு உண்டு, அந்தக் காலத்தில் பேதிக்குக் கொடுத்த அதே உப்பு. நீண்ட பேருந்துப் பயணம் பாக்கி இருந்தால் யோசித்துக் குடிக்கவும்!

கட்டுரையின் இணையப் பதிப்பிலாவது அந்த இரண்டு வரிகளைத் திருத்திவிடுங்கள். கோடை விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள் அதைத்தான் தேடிப் படிப்பார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்