கெட்ட செய்தி உன் மேசைக்கு வந்து சேரட்டும்

அன்புள்ள மகளுக்கு,

போனில் பேசும்போது ஒரு வார்த்தை சொன்னாய். "டீம் ரொம்ப நல்ல டீம் அம்மா. நான் பொறுப்பெடுத்த பிறகு ஒரு பிரச்சினைகூட என்கிட்ட வரலை." உனக்கு அதில் பெருமை. எனக்கு அங்கேதான் உறுத்தியது. அப்போதே ஆரம்பித்திருந்தால் "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்திருப்பாய். அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

பதினோரு பேர் வேலை செய்யும் இடத்தில் பிரச்சினை இல்லாமல் இருக்காது. யாரோ கெடுவைத் தவறவிட்டிருப்பார்கள். யாரோ வாடிக்கையாளரிடம் இல்லாததைச் சொல்லிச் சமாளித்திருப்பார்கள். யாருக்கோ யாருடனோ பேச்சு நின்றிருக்கும். அதெல்லாம் உன் காதுக்கு வரும் வழியில் எங்கோ தங்கிவிடுகிறது. எங்கே தங்குகிறது, ஏன் தங்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் உன் முதல் வேலை என்பேன். டார்கெட், ரிப்போர்ட் எல்லாம் அப்புறம்.

ஆஸ்பத்திரியில் வார்டு இன்சார்ஜ் நர்ஸாக இருந்த காலத்தில் எனக்குப் பயம் கொடுத்தது கூச்சலும் ஓட்டமுமான நாட்கள் இல்லை. நைட் டூட்டி முடித்த பெண் "எல்லாம் நார்மல் சிஸ்டர்" என்று ஒரே மூச்சில் ஹேண்ட் ஓவர் கொடுத்துவிட்டுப் பையைத் தூக்கினால், அவள் போன பிறகு மருந்து சார்ட்டை ஒரு தடவை புரட்டுவேன். முப்பது நோயாளிகள் இருக்கும் வார்டில் ஓர் இரவு முழுக்க எல்லாமே நார்மலாகப் போகாது.

நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி தானாகவே வந்து, டிரிப் சொன்னதைவிட வேகமாக ஓடிவிட்டது என்று ஒப்புக்கொண்டாள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்தே இருக்காது. மேலே இருந்தவர் அவளை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார், கையில் மெமோவும் கொடுத்தார். அதற்குப் பிறகு பல மாதம் அந்த மாடியில், நடந்த தவறுகளை எழுதி வைக்கும் சம்பவப் பதிவேட்டில் ஒரு வரிகூட ஏறவில்லை. வருஷக் கடைசியில் "குறையே இல்லாத மாடி" என்று அவருக்குப் பாராட்டு வேறு கிடைத்தது! நாங்கள் கை தட்டினோம். வேறென்ன செய்வது?

ஏமி எட்மண்ட்சன் என்று ஒருவர், ஹார்வர்டில் பேராசிரியர். 1990-களில் மாணவியாக இருந்தபோது, ஆஸ்பத்திரி வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைப் பற்றிய ஆய்வில் சேர்ந்திருந்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள வார்டுகளில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல வார்டுகளில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. ஏன் என்று தோண்டிப் பார்த்தபோது புரிந்தது: அங்கே இருந்தவர்கள் நடந்ததை வாய்விட்டுப் பேசினார்கள். மற்ற வார்டுகளில் பயந்து மூடி வைத்தார்கள். அதிலிருந்து வளர்ந்த அவருடைய 1999 கட்டுரையை இன்றைக்கு நிர்வாகம் படிக்கிறவர்கள் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எந்த இன்சார்ஜ் டூட்டியில் இருந்தால் வாயைத் திறக்கலாம், யார் இருந்தால் கூடாது என்பது முதல் வாரத்திலேயே எந்த ஸ்டாஃப் நர்ஸுக்கும் தெரிந்துவிடும். சரி, யாராவது எண்ணிக் காட்டினால்தானே மேலே இருப்பவர்கள் நம்புகிறார்கள்.

விமானக்காரர்கள் இதைக் கற்றுக்கொண்ட விதம் இன்னும் கொடுமையானது. 1977 மார்ச் 27, கேனரி தீவுகளில் டெனெரிஃப் விமான நிலையம். ஓடுபாதையில் மூடுபனி. அதே பாதையில் இரண்டு போயிங் 747. அதில் ஒன்று நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவனத்துடையது. அதன் கேப்டன் சாதாரண ஆள் இல்லை, அந்த நிறுவனத்தின் 747 விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர். கிளம்ப அனுமதி வருவதற்கு முன்பே விமானத்தை ஓடவிட்டார். எதிர்ப்பக்கம் இருந்த பான் ஆம் விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று பின்னால் உட்கார்ந்திருந்த ஃப்ளைட் இன்ஜினியருக்குச் சந்தேகம். கேட்டுவிட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். அதற்கு மேல் இன்ஜினியர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு விமானங்களும் மோதின. 583 பேர் இறந்தார்கள்.

அந்த இன்ஜினியரை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அவர் கேட்டது சரியான கேள்வி, அதுவும் சரியான நேரத்தில். எதிரே இருந்தது அந்தத் துறையிலேயே மதிப்புள்ள மனிதர். இரண்டாவது தடவை கேட்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பார். கேப்டன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருடைய பெயரும் அனுபவமுமே அந்தச் சின்ன அறையில் மற்றவர்களின் வாயைக் கட்டிவிட்டன. நீ நல்லவள் என்பதை நான் அறிவேன். அது போதாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த விபத்தும் அதே காலத்தில் நடந்த இன்னும் சில விபத்துகளும் சேர்ந்து அவர்களை யோசிக்க வைத்தன. 1979-ல் நாசா இதற்கென்றே ஒரு பயிலரங்கு நடத்தியது. 1981-ல் யுனைடெட் ஏர்லைன்ஸ் ஒரு பயிற்சியைத் தொடங்கியது. இளையவர் எப்படித் தயங்காமல் சொல்வது, கேப்டன் எப்படி அதைக் காதில் வாங்கிக்கொள்வது, இரண்டையும் அதில் சொல்லிக்கொடுத்தார்கள். எட்டு வருஷம் கழித்து அதே நிறுவனத்தின் 232-ம் விமானத்தில், பறந்துகொண்டிருக்கும்போது வால் பக்க இன்ஜின் உடைந்து சிதறி, விமானத்தைத் திருப்ப உதவும் ஹைட்ராலிக் அமைப்பு மூன்றும் போய்விட்டன. கேப்டன் ஆல் ஹேன்ஸ் தனியாக முடிவெடுத்துக்கொண்டிருக்கவில்லை. எல்லாரிடமும் கேட்டார். பயணியாக வந்திருந்த இன்னொரு பயிற்சி விமானியைக்கூட உள்ளே விட்டு, இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியை அவர் கையில் கொடுத்தார். அமெரிக்காவின் ஸூ சிட்டியில் தரையில் மோதி நொறுங்கிய அந்த விமானத்தில் 296 பேர் இருந்தார்கள், 184 பேர் பிழைத்தார்கள். அத்தனை பேர் செத்த ஒன்றை வெற்றி என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் ஒருவர்கூடப் பிழைக்க வழியில்லாத நிலைமை அது. அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் முடிந்திருக்காது என்று ஹேன்ஸே பிறகு பல மேடைகளில் சொன்னார்.

எங்கள் ஆபரேஷன் தியேட்டருக்கு அந்தப் பாடம் வர இன்னும் பல வருஷம் ஆனது. 2008-ல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டது. எட்டு நகரங்களில் எட்டு ஆஸ்பத்திரிகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆக இறங்கியது, பெரிய சிக்கல்கள் 11-லிருந்து 7 சதவீதமாக. அந்தப் பட்டியலில் ஒரு வரி உண்டு: கத்தி வைப்பதற்கு முன் அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். முதலில் கேட்டபோது எங்கள் டாக்டர்கள் சிலர் சிரித்தார்கள். ஒருமுறை வாய் திறந்து பேசியவர் தேவைப்படும்போது மறுபடி பேசுவார், பேசாமலே நின்றவர் கடைசிவரை பேசமாட்டார் என்பதுதான் அதில் உள்ள சூட்சுமம். உன் மீட்டிங்கில் கடைசி நாற்காலியில் உட்காரும் அந்தச் சின்னப் பையன் இதுவரை எத்தனை தடவை பேசியிருக்கிறான்? அடுத்த முறை நீ கருத்துச் சொல்வதற்கு முன்னால் அவனைக் கேள். நீ சொன்ன பிறகு கேட்டால் உன் கருத்தைத்தான் திருப்பிச் சொல்வான்.

ஒருநாள் யாராவது கெட்ட செய்தியோடு வருவார்கள். முதல் சில விநாடி உன் முகம் என்ன ஆகிறது என்பதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள், அதற்குப் பிறகு நீ பேசுவது பாதி காதில் ஏறாது. உனக்கு உன் அப்பாவைப் போலப் புருவம் நெரியும். அதைக் கொஞ்சம் கவனி. முதலில் "சொன்னது நல்லதாகப் போயிற்று" என்று சொல். அடுத்து, இப்போது என்ன செய்யலாம் என்று கேள். "யார் செய்தது?" என்ற கேள்வி மறுநாள்வரை காத்திருக்கும்.

காத்திருக்கும் என்றேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. இரக்கம் என்றால் எல்லாவற்றையும் விட்டுவிடுவது என்று நினைத்துக்கொண்டு கெட்டுப்போன இன்சார்ஜ்களையும் நான் பார்த்திருக்கிறேன். பாவம், சோம்பேறிகளின் வேலையையும் சேர்த்து நல்லவர்கள் செய்து களைத்துப் போவார்கள். கை தவறியவரை ஆறுதலாக நடத்து, கை தவறாதபடி வேலை முறையை மாற்று. குறுக்குவழியில் போனவரைக் கூப்பிட்டு ஏன் அப்படிப் போகத் தோன்றியது என்று கேள், பெரும்பாலும் நாம் போட்ட விதியில் ஏதோ கோளாறு இருக்கும். தெரிந்தே மறைத்தவரிடமும் ஆபத்து என்று அறிந்தே செய்தவரிடமும் மட்டும் கண்டிப்பாக இரு. அங்கே கண் கலங்கினாலும் இறங்கிவராதே. மூன்று பேருக்கும் ஒரே மெமோ கொடுக்கிற இடத்தில்தான் பதிவேடு காலியாக இருக்கும்.

நியாயம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இன்சார்ஜ் எப்படிப்பட்டவள் என்று தெரிய டூட்டி லிஸ்டைப் பார்த்தால் போதும். யாருக்கு நைட் டூட்டி அடுத்தடுத்து விழுகிறது, விடுமுறை நாளில் யார் பெயர் எப்போதும் லீவில் இருக்கிறது, எல்லாம் அதில் தெரிந்துவிடும். உங்கள் ஆபீஸில் டூட்டி லிஸ்ட் இல்லாவிட்டாலும் அதற்குச் சமமாக ஏதாவது இருக்கும். யாரும் விரும்பாத வேலை யாரிடம் போகிறது, பெரிய இடத்தில் பேசும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார். உனக்குப் பிடித்தவர்கள் யார் என்பது உனக்கே தெரியவரும்.

அந்தப் பெரியவர் விஷயம் கேட்டிருந்தாய். உன்னைவிட வயதில் மூத்தவர், முன்பு நன்றாகச் செய்தவர், இப்போது சில மாதமாக எல்லாம் தாமதம். ரேட்டிங்கைக் குறைத்தால் புரிந்துகொள்வார் என்று உன் மேனேஜர் சொன்னாராமே. குறைப்பதற்கு முன் பேசு. கதவை மூடிக்கொண்டு, கம்ப்யூட்டரை மூடிவிட்டு. "ஏன் தாமதம்" என்று தொடங்காதே. "கொஞ்ச நாளாக நீங்கள் பழையபடி இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது, நான் ஏதாவது செய்ய முடியுமா" என்று கேள். பதில் வராமல் இருக்கலாம், விட்டுவிடு. வீட்டில் நோயாளி இருப்பதை ஆபீஸில் சொல்லாமல் வருஷக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. சொன்னால் பலவீனம் என்று எழுதிவிடுவார்களோ என்ற பயம். அவர் சொன்னால் அது உன்னோடு இருக்கட்டும், ஹெச்.ஆருக்குச் சொல்லலாமா என்று அவரையே கேட்டுக்கொள். அதற்குப் பிறகும் வேலை சரியாகாவிட்டால், எது எப்போதைக்குள் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடு. மழுப்பினால் அது அவரை மதிப்பதாகாது.

கடைசியாக, மேலே போய்ப் பேசுவது. இதுதான் கஷ்டம். 1986 ஜனவரி 27 இரவு, மறுநாள் காலை சேலஞ்சர் விண்கலம் கிளம்ப வேண்டும். குளிர் மிகக் கடுமை. பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையங்கள் அந்தக் குளிரில் சரியாக வேலை செய்யாது என்று அந்த ராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் எச்சரித்தார்கள். அந்த நிறுவனத்தின் ஒரு மேலதிகாரி தன் சக அதிகாரியிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஏவுதளத்தில் இருந்த ஆலன் மெக்டொனால்ட் என்ற அதே நிறுவனத்தின் மூத்த அதிகாரி ஒப்புதலில் கையெழுத்துப் போட மறுத்தார். அவருடைய மேலதிகாரி போட்டார். மறுநாள் கிளம்பிய 73-வது விநாடியில் விண்கலம் சிதறி ஏழு பேரும் போனார்கள். விசாரணைக் குழுவிடம் உண்மையைச் சொன்ன மெக்டொனால்டை நிறுவனம் பதவியில் இறக்கியது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் தலையிட்ட பிறகுதான் நிலைமை மாறியது, அந்த இணைப்புகளை மறுபடி வடிவமைக்கும் பொறுப்பே அவரிடம் வந்தது.

எல்லாருக்கும் அப்படி யாராவது வந்து தலையிடமாட்டார்கள். வீட்டுக் கடன் இருக்கிறது, உனக்கு என்று குடும்பம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மல்லுக்கு நிற்க முடியாது என்று எனக்கும் தெரியும். எதற்குக் கையெழுத்துப் போடவே மாட்டேன் என்பதை மட்டும் இப்போதே, பிரச்சினை இல்லாத நாளிலேயே முடிவு செய்து வைத்துக்கொள். அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தால் பயம்தான் ஜெயிக்கும். எதிர்ப்பைச் சொல்லும்போது தேதியோடு எழுத்தில் கொடு, குரலை உயர்த்தாதே.

வரும் மாதம் இரண்டு பேரை வேலையைவிட்டு அனுப்ப வேண்டியிருக்கும், பெயர் கேட்டிருக்கிறார்கள் என்றாய். முதலில், ஏன் இரண்டு என்று கேள். வேறு செலவில் குறைக்க வழியில்லையா என்று கேள். கேட்டும் ஆகாவிட்டால், அந்த இருவரிடமும் நீயே நேரில் சொல், மெயிலில் தெரிந்துகொள்ள விடாதே. காரணத்தை ஜோடிக்காதே. மறுநாள் காலை மீதி ஒன்பது பேரையும் உட்கார வைத்து என்ன நடந்தது என்று சொல், இல்லாவிட்டால் அவரவர் ஒரு கதை கட்டிக்கொள்வார்கள். போனவர்களுக்கு வேறு இடத்தில் சொல்லி வைக்க முடிந்தால் சொல்லி வை, பரிந்துரைக் கடிதத்தை அவர்கள் கேட்பதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்.

அந்தப் பெரியவரிடம் பேசினாயா, என்ன சொன்னார் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல். மீட்டிங் இல்லாத நேரமாகப் பார்த்துக் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா