நீல நிறத்துக்கு ஒரு நியாயம், கரிப்பூச்சுக்கு ஒரு நியாயமா?

தமிழ்த் திரை விமர்சகர்களுக்கு,

கோத்தகிரியிலிருந்து வணக்கம்.

2009இல் 'அவதார்' என்ற ஹாலிவுட் படம் வந்தபோது அமெரிக்காவில் பெரிய சண்டையே நடந்தது. படத்தில் வேற்றுக்கிரகவாசிகளான நீல நிற நாவி மக்களாக நடித்த முக்கியமானவர்கள் ஜோ சல்டானா, சி.சி.எச். பவுண்டர், வெஸ் ஸ்டூடி என்று கறுப்பின, பூர்வகுடி நடிகர்கள். அவர்களைக் காப்பாற்ற வருகிறவன் மட்டும் வெள்ளைக்காரச் சிப்பாய். வந்த சில மாதங்களில் அவர்களையே மிஞ்சித் தலைமை தாங்குகிறான். 'ஏன், சொந்த ஊர்க்காரனுக்கு அது முடியாதா?' என்று கேட்டார்கள். உலகிலேயே அதிகம் வசூலித்த படமாயிற்றே என்று யாரும் வாயை மூடிக்கொள்ளவில்லை.

ஹாலிவுட் படம் என்றால் உங்களில் பலரும் இதைக் கேட்கிறீர்கள். நம் படம் என்றால் ஏன் கேட்பதில்லை?

ஊட்டிப் பக்கம் நான் பார்த்த ஒரு படப்பிடிப்பு. கூட்டத்தில் நிற்கத் தோடர் பழங்குடியினரின் ஊரான மந்திலிருந்து நாலைந்து பேரை அழைத்து வந்திருந்தார்கள். வந்தவர்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த பூத்துக்குளி என்ற சால்வையைப் போர்த்தியிருந்தார்கள். புவிசார் குறியீடு வாங்கிய வேலைப்பாடு அது. 'இது ரொம்ப டீசன்ட்டா இருக்கே' என்று கழற்றச் சொல்லிவிட்டார்கள். தலையில் கோழி இறகு, இடுப்பில் இலை. அப்புறம் மேக்கப்காரர் ஸ்பாஞ்சை எடுத்தார். ஆதிவாசி என்றால் இன்னும் கறுப்பாக இருக்க வேண்டுமாம். மலைவாசிப் பெண்ணாக நடித்த கதாநாயகிக்கு மட்டும் அந்தப் பூச்சு கிடையாது!

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு தொல்குடிகள் இந்த நீலகிரி மலையில் இருக்கிறார்கள். ஆளுக்கொரு பேச்சு, ஆளுக்கொரு சாமி. திரையில் ஆறு பேருக்கும் ஒரே இறகு, ஒரே 'ஹோய் ஹோய்'. காப்பாற்றச் சமவெளியிலிருந்து ஒரு போலீஸ் அதிகாரியோ டாக்டரோ வந்தே தீருவார்.

ஒடிசாவின் நியம்கிரியில் டோங்ரியா கோந்த் பழங்குடி மக்கள் படத்தில் வருவதுபோலவே சுரங்கத்தை எதிர்த்ததால், அவர்களை 'நிஜ அவதார்' என்றே அழைத்தார்கள். அங்கே பாக்சைட் (அலுமினியத் தாது) சுரங்கம் வேண்டுமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. சொன்னது அந்த ஊர்க்காரர்கள்தான். இப்படி ஒரு கதையை நம் படங்களில் நான் பார்த்ததில்லை.

சரி, நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த முறை மலை மக்கள் வரும் படத்துக்கு ஐந்துக்கு மூன்றரை போடுவதற்கு முன், அவர்கள் எந்தக் குடி, எந்த மொழி பேசினார்கள், நடித்தது யார் என்று இரண்டு வரி எழுதுங்கள். படக்குழுக்கள் உங்கள் விமர்சனத்தைப் படிக்கிறார்கள். எங்கள் கடிதத்தைப் படிப்பதில்லை.

இப்படிக்கு,
முதல் நாள் முதல் காட்சி பார்க்கும் ஒரு கோத்தகிரிக்காரன்